சென்சார் மாற்றியும் வண்டி ஜெர்க் அடிக்கிறது, அடுத்து என்ன செய்வது?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இருப்பதை முதலில் மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது 12 ஆண்டு ஓடிய பெட்ரோல் கார், சாதாரண கியர் வண்டி. சில மாதங்களுக்கு முன் தொந்தரவு தொடங்கியது. நெரிசலில் இரண்டாவது, மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் வண்டி ஜெர்க் அடிக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் இழுத்துக்கொண்டு போகிறது. ஐடிலிங்கில், அதாவது பெடலை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, ஆர்.பி.எம். முள் ஏறி இறங்குகிறது. நிறுத்தப் போகும் நேரத்தில் சில சமயம் என்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பி0121 என்று கோளாறு எண் (‘கோடு’) வந்ததால் த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள். சில வாரம் நன்றாக ஓடியது. நல்ல மழையில் ஓட்டிய மறுநாள் செக் என்ஜின் லைட் திரும்பவும் எரிந்தது. இந்த முறை கோடு பி0122. பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் ஓரிரு நாள் சரியாக இருக்கிறது, அப்புறம் பழைய கதைதான்.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக், த்ராட்டில் பாடியை (என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு உள்ள பகுதி) முழுதாக மாற்ற வேண்டும், அப்படியும் சரியாகாவிட்டால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ.வையும் மாற்றிவிடலாம் என்கிறார். வீட்டிலோ, நீங்கள் கிளட்ச் விடுகிற விதம்தான் சரியில்லை என்கிறார்கள். முதல் மெக்கானிக் ஏமாற்றிவிட்டாரா, இரண்டாமவர் சொல்வதைச் செய்யலாமா, மல்டிமீட்டர் கையில் இருப்பதால் நீங்களே ஏதாவது பார்க்க முடியுமா, அதுவரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் காலைப் பற்றிய பேச்சை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். கிளட்சில் தவறு இருந்தால் வண்டி கிளம்பும்போதுதான் உதறும். உங்களுக்கு ஜெர்க் வருவது கிளட்சை முழுதாக விட்ட பிறகு, பெடல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது. நியூட்ரலில் நிற்கும்போதும் முள் ஆடுகிறது. இதற்கும் கிளட்சுக்கும் சம்பந்தமே இல்லை. ‘லேசாக மிதித்தால் வருகிறது, அழுத்தினால் போய்விடுகிறது’ என்று நீங்கள் எழுதிய வரி, ஸ்கேனர் காட்டிய கோடைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. அதை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் தயங்காமல் சொல்லுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். த்ராட்டில் தகட்டின் தண்டு முனையில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சென்சார், தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வோல்டேஜாக மாற்றி இ.சி.யூ.வுக்குச் சொல்கிறது. உங்கள் வண்டிக் காலத்துச் சென்சார்களில் பெரும்பாலும் உள்ளே ஒரு கரித் தடமும், அதன்மேல் உரசி நகரும் சின்ன உலோக விரலும்தான். பழைய ரேடியோவில் வால்யூம் திருகும்போது ஒரே இடத்தில் மட்டும் கரகரக்குமே, அதே கதை. எந்த இடத்தில் அதிகம் உரசுகிறதோ அங்கே தடம் தேயும். தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கு அது லேசாக மிதிக்கும் இடம்தான். விரல் அந்தத் தேய்ந்த இடத்தைக் கடக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் விழுகிறது. காலை எடுத்துவிட்டீர்கள் என்று நினைத்து இ.சி.யூ. பெட்ரோலைக் குறைக்கிறது. அடுத்த கணமே வோல்டேஜ் திரும்ப வருகிறது. திடீரென்று மிதித்துவிட்டீர்கள் என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றுகிறது. இந்த இரண்டும் மாறி மாறி நடப்பதைத்தான் நீங்கள் ஜெர்க் என்று உணர்கிறீர்கள்.

ஆகவே முதல் மெக்கானிக் உங்களை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. பழைய சென்சார் உண்மையிலேயே தேய்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மாற்றியதும் சில வாரம் நன்றாக ஓடியதும் அதைத்தான் காட்டுகிறது. அவர் விட்ட குறை, மாற்றிய பிறகு அளந்து பார்க்காததாக இருக்கலாம்.

கோடு சொல்வது சர்க்யூட்டை

பலரும் செய்கிற தவறு இது: கோடு வந்தால், அதில் பெயர் உள்ள பாகம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவது. இ.சி.யூ.வுக்குச் சென்சார் கண்ணில் படாது. ஒரு ஒயரில் வந்து சேரும் வோல்டேஜ் மட்டுமே தெரியும். அந்த வோல்டேஜ் தவறாக இருந்தால், கோளாறு சென்சாரிலும் இருக்கலாம், கனெக்டரிலும் இருக்கலாம், ஒயரிலும் இருக்கலாம், சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் சப்ளையிலும் இருக்கலாம்.

உங்களுக்கு வந்த இரண்டு கோடுகளும் ஒன்றல்ல. பி0121 என்றால் வோல்டேஜ் வருகிறது, ஆனால் என்ஜின் ஓடும் நிலைக்கும் மற்ற சென்சார்கள் சொல்வதற்கும் அது பொருந்தவில்லை என்று அர்த்தம். தேய்ந்த தடத்துக்கு இது பொருத்தமான கோடு. பி0122 என்றால் சிக்னல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போய்விட்டது. சென்சார் புதிது, கோடு வேறு, அதுவும் மழைக்குப் பிறகு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் கனெக்டர் மீதும் அதை ஒட்டிய ஒயர் மீதும்தான் விழுகிறது. 12 ஆண்டு என்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் கனெக்டரை, சென்சார் மாற்றுவதற்காக இழுத்துக் கழற்றியிருக்கிறார்கள். பூட்டு உடைந்திருக்கலாம், ரப்பர் சீல் நழுவியிருக்கலாம், உள்ளே பின் விரிந்திருக்கலாம். தண்ணீர் புகுந்திருந்தால் பின்களில் பச்சையாகப் படிந்திருக்கும். ஒரு டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

புதிய சென்சாரே தரமில்லாமல் இருப்பதும் உண்டு. அதையும் விலக்கிவிடவில்லை. ஆனால் அளக்காமல் மூன்றாவதாக ஒரு சென்சாரை வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, பேட்டரியைக் கழற்றி மாட்டுவதை உடனே நிறுத்துங்கள். அதனால் எதுவும் சரியாவதில்லை. கோடு அழிகிறது, அவ்வளவுதான். கோளாறு விழுந்த கணத்தில் வேகம் என்ன, ஆர்.பி.எம். என்ன, என்ஜின் சூடு என்ன என்று இ.சி.யூ. குறித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஸ்கேனரில் வரும் அந்தத் தகவலும் கோடோடு சேர்ந்து போய்விடுகிறது. கோளாறைத் தேடுபவருக்கு அதுதான் முதல் தடயம்.

பணம் செலவழிக்கும் முன் அளக்க வேண்டியவை

மல்டிமீட்டர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. இந்த வேலைக்கு அது பெரும்பாலும் போதும். சென்சாருக்கு வருவது மூன்று ஒயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். எது எந்த நிறம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதனால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள ஒயரிங் படத்தைப் பாருங்கள். சில மாடல்களில் ஐடில் சுவிட்சுக்கென்று நான்காவது ஒயரும் இருக்கும்.

என்ஜின் ஓட வேண்டாம், இக்னிஷன் மட்டும் ஆன். கனெக்டரைக் கழற்றி, சப்ளை ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பிறகு கனெக்டரை மாட்டிவிட்டு, ஒயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசிமுனையைச் செருகி அளக்க வேண்டும். ஒயரின் மேலுறையைக் குத்தித் துளைக்காதீர்கள். இன்று போட்ட அந்த ஓட்டை வழியாக அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும். எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு.

கடைசியாகச் சிக்னல். தகடு மூடியிருக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் 0.5 முதல் 1 வோல்ட்டுக்குள் இருக்கும். முழுதாகத் திறந்தால் 4 முதல் 4.7 வோல்ட் வரை போகும். உங்கள் மாடலுக்கான சரியான எண் மேனுவலில் இருக்கும். ஆனால் இந்த இரண்டு முனைகளையும் விட நடுவில் நடப்பதுதான் முக்கியம். த்ராட்டிலைக் கையால் மிக மிக மெதுவாகத் திறந்துகொண்டே போங்கள். வோல்டேஜ் தடங்கலின்றி ஏற வேண்டும். ஒரு இடத்தில் விழுந்து எழுந்தால், அல்லது நின்று குதித்தால், அந்தச் சென்சார் உதவாது. உங்களுக்கு ஜெர்க் வரும் இடம் திறப்பின் தொடக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே முன்னும் பின்னுமாகப் பல தடவை நகர்த்திப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டர் மெதுவாகத்தான் எண்ணை மாற்றும், சின்ன விழுதலைத் தவறவிட்டுவிடும். மின்-மேக்ஸ் (மினிமம்-மேக்ஸிமம்) வசதி இருந்தால் அதைப் போடுங்கள், விழுந்த குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைத்திருக்கும். முள் வைத்த பழைய மீட்டர் இன்னும் வசதி, முள் சட்டென்று துடிப்பது கண்ணுக்குத் தெரியும். வோல்டேஜ் மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் உள்ள ஒர்க்‌ஷாப் கிடைத்தால் மிக நல்லது.

அடுத்ததை, உங்கள் விஷயத்தில், கட்டாயம் செய்ய வேண்டும். த்ராட்டிலைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே கனெக்டரை மெல்ல ஆட்டுங்கள். ஒயரை ஒரு சாண் தூரத்துக்கு வளைத்து நெளித்துப் பாருங்கள். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் சென்சாரை லேசாகத் தட்டுங்கள். தகடு நகராதபோது எண்ணும் நகரக் கூடாது. கனெக்டரை ஆட்டும்போது எண் பூஜ்யத்தை நோக்கி ஓடினால் திருடன் அகப்பட்டுவிட்டான். அப்போது புதுக் கனெக்டரை ஒயரோடு வாங்கி, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு இணைத்தால் வேலை முடிந்தது. சும்மா முறுக்கி டேப் சுற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி தொடங்கும்.

5 வோல்ட்டே வரவில்லை என்றால்? அவசரப்பட்டு இ.சி.யூ. மீது பழி போட வேண்டாம். பல வண்டிகளில் அந்த 5 வோல்ட்டை வேறு சென்சார்களும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் சப்ளை விழும். மீட்டரை வைத்துக்கொண்டு மற்ற சென்சார்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. இப்படி ஆகும்போது பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் சேர்ந்து வரும். உங்களுக்கு ஒன்றுதான் வந்திருக்கிறது, அதனால் இதற்கு வாய்ப்பு குறைவு.

த்ராட்டில் பாடி, இ.சி.யூ. மாற்றலாமா?

‘இரண்டு வருடம் முன்பு ஆக்சிலரேட்டர் கேபிள் மாற்றினேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய தகவல். உங்கள் வண்டியில் பெடலிலிருந்து த்ராட்டிலுக்குக் கேபிள் போகிறது என்று அர்த்தம். கேபிள் இல்லாமல் மோட்டார் மூலம் திறக்கும் த்ராட்டிலில், சென்சார் பெரும்பாலும் த்ராட்டில் பாடிக்குள்ளேயே சேர்ந்து வரும். அதில் ஒரே நேரத்தில் இரண்டு சிக்னல் போகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பி2135 போன்ற கோடு வரும். அந்த வகையில் முழு பாடியையும் மாற்றச் சொல்வது நியாயமானதே. இரண்டாவது மெக்கானிக் அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கலாம். உங்கள் வண்டியில் சென்சாரைத் தனியாகக் கழற்றித்தான் ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். த்ராட்டில் தண்டு ஆடுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் ஒழிய பாடியை மாற்றக் காரணம் இல்லை. தகட்டைப் பிடித்துத் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், தாராளமாக ஆடினால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஐடிலிங் ஆட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. தகட்டின் விளிம்பில் கரி படிந்திருந்தால் காற்று போகும் இடுக்கு அடைபட்டு, நிறுத்தும்போது என்ஜின் ஆஃப் ஆகும். த்ராட்டில் பாடிக்கு அருகில் உள்ள வேக்குவம் குழாய் வெடித்திருந்தாலோ, சென்சார் மாற்றும்போது கழன்றிருந்தாலோ ஆர்.பி.எம். ஏறி இறங்கும். இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயைச் சென்சார் மீது அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

இ.சி.யூ.வை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் சென்சார் முனையிலும் இ.சி.யூ. முனையிலும் அளந்து, ஒயர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்து, இ.சி.யூ.வுக்கு வரும் மின்சாரமும் எர்த்தும் சரி என்று உறுதியான பிறகுதான் அதைச் சந்தேகிக்க வேண்டும். பல வண்டிகளில் இ.சி.யூ.வை மாற்றினால் சாவியின் இம்மொபிலைசரோடு (திருட்டுத் தடுப்பு அமைப்பு) மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஊகத்தில் செய்கிற வேலை இல்லை இது.

நீங்களே மாற்றுவதென்றால்

அளந்து பார்த்து, சென்சார்தான் என்று தெரிந்தால், உங்களாலேயே மாற்ற முடியும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், இக்னிஷன் ஆஃப், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். இரண்டு ஸ்குரூதான், ஆனால் பிடிவாதமானவை. சரியாகப் பொருந்தும் பிட் இல்லாமல் திருகினால் தலை மொட்டையாகிவிடும். கழற்றும் முன் பழைய சென்சார் எந்தக் கோணத்தில் இருந்தது என்று கீறியோ வேறு அடையாளமோ போட்டு வையுங்கள். ஸ்குரூ துளை நீளவாக்கில் இருந்தால் அது அட்ஜஸ்ட் செய்யும் வகை, இந்த அடையாளம் உங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

புதியதைப் பொருத்தும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். தண்டின் தட்டையான முனை, சென்சாருக்குள் உள்ள நாக்கின் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான சென்சார்களைச் சற்றுத் திருப்பிய நிலையில் நுழைத்து, உள்ளே ஸ்ப்ரிங் இழுப்பு தெரியும்படி சுழற்றித்தான் ஸ்குரூ துளைக்குக் கொண்டுவர வேண்டும். எந்த இழுப்பும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்தால் நாக்கு தவறான பக்கம் இருக்கிறது. அப்படி முறுக்கினால் புதுச் சென்சார் அங்கேயே உடையும். பொருத்தியதும் த்ராட்டிலைத் திறந்து விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் பட்டென்று மூட வேண்டும். பேட்டரியை மாட்டி, இக்னிஷனை ஆன் செய்து, மூடிய நிலை வோல்டேஜை மேனுவலில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவந்த பிறகே ஸ்குரூவை முழுதாக இறுக்குங்கள். அது கூடுதலாக இருந்தால் கால் பெடலிலிருந்து எடுபட்டது இ.சி.யூ.வுக்குத் தெரியாது. ஐடிலிங்கைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்காமல் விட்டுவிடும், நிறுத்தும்போது ஆஃப் ஆகும். உங்கள் முதல் ஒர்க்‌ஷாப்பில் இது நடந்திருக்கிறதா என்பதையும் இந்த ஒரு அளவு சொல்லிவிடும். த்ராட்டில் தகட்டை நிறுத்தும் சின்ன ஸ்டாப் ஸ்குரூவை மட்டும் தொடாதீர்கள். அது தொழிற்சாலையில் வைத்த அளவு, ஐடிலிங்கைக் கூட்டுவதற்காக உள்ளதல்ல.

முடிந்ததும் ஸ்கேனரில் கோடை அழித்து, மேனுவலில் ஐடில் லேர்னிங் (இ.சி.யூ. ஐடிலிங்கைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும்) முறை இருந்தால் அப்படியே செய்யுங்கள். முதல் ஓட்டங்களில் ஐடிலிங் கொஞ்சம் கூடக் குறைய இருப்பது சாதாரணம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் வண்டி மோட்டார் த்ராட்டில் வகை என்றால், இக்னிஷன் ஆனில் தகட்டுக்குள் விரலை விடவே கூடாது. தகடு திடீரென்று மூடி விரலை நசுக்கும். அதில் அளவுகளைப் பெடலை மிதித்து ஸ்கேனரில் பார்ப்பதே சரி.

அதுவரை ஓட்டுவது

பிள்ளைகளோடு ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் நான் சுற்றி வளைக்க மாட்டேன். என்ஜின் ஓடும்போதே ஆஃப் ஆகிற வண்டியில் கோளாறு பிடிபடும்வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள், வேகச் சாலைக்கும் போகாதீர்கள். ஓவர்டேக் செய்யும் நேரத்தில் இழுவை போய்விட்டால் ஆபத்து. ஒர்க்‌ஷாப் வரை நீங்கள் மட்டும் ஓட்டிக்கொண்டு போகும்போது, வழியில் என்ஜின் நின்றால் பயப்படாதீர்கள். பிரேக் வேலை செய்யும், ஆனால் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு மிதியை லேசாக்கும் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிடும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக நன்றாக அழுத்துங்கள். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். வண்டி நிற்கும்வரை சாவியை லாக் நிலைக்குத் திருப்பிவிடாதீர்கள்.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது ‘சென்சாரை மாற்றுங்கள்’ என்றோ ‘பாடியை மாற்றுங்கள்’ என்றோ கேட்காதீர்கள். ‘சப்ளை, எர்த், மூடிய நிலை, முழுதாகத் திறந்த நிலை, இந்த நான்கையும் அளந்து பில்லில் எழுதிக் கொடுங்கள், கனெக்டரை ஆட்டி எனக்குக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அளப்பதற்குத் தனியாகக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள், அது நியாயமான வேலை. எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்குங்கள். பில்லில் பாக எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் வாரண்டி எவ்வளவு காலம் என்பதும் இருக்கட்டும். மாட்டிக் கழற்றிய மின் பாகங்களைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை என்பதால், ‘இதை மாற்றியும் சரியாகாவிட்டால் என்ன செய்வீர்கள்’ என்ற கேள்வியை மாற்றும் முன்பே கேட்டுவிட வேண்டும். முதல் ஒர்க்‌ஷாப்பின் பில்லைத் தேடி எடுங்கள். அளந்து பார்த்ததில் புதிய சென்சாரே பழுது என்று வந்தால், வாரண்டி காலம் முடியும் முன் அந்த எண்களோடு அங்கேயே போய்க் கேட்கலாம். கோபமாகப் போவதைவிட எண்களோடு போவது பலன் தரும்.

வேலை முடிந்ததும் சும்மா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஜெர்க் வந்த அதே இரண்டாவது, மூன்றாவது கியரில், அதே லேசான மிதியில் ஓட்டிப் பாருங்கள். ஒரு மழை பெய்த பிறகும் அப்படியே ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து ஸ்கேனரில் பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோளாறு எண்) ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அந்தக் கோடையும், நான்கு அளவுகளையும், கனெக்டரின் உள்பக்கப் புகைப்படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அடுத்து எந்த ஒயரைத் தேட வேண்டும் என்று எழுதுகிறேன்.